பன்னிரண்டு தாள்களின் முதல் கட்டம்

ஸ்டென்சில் தாளில் எழுதுவது உண்மையில் எழுதுவது அல்ல, கீறுவது. மெழுகு பூசிய மெல்லிய தாளை இரும்பு முனையால் அழுத்தினால், முனை போன இடத்தில் எல்லாம் மெழுகு விலகும். அந்தத் தாளை உருளையின் மேல் சுற்றி, மை தடவி, கைப்பிடியைச் சுழற்றினால், மெழுகு விலகிய இடத்தில் மட்டும் மை இறங்கும். வெள்ளைத் தாள் ஒரு பக்கம் நுழைந்து, மறு பக்கம் எழுத்தோடு வெளியே வரும். ஒரு முறை கீறினால் அறுநூறு பிரதி எடுக்கலாம். ஒரு முறை தப்பாகக் கீறினாலும் அதே அறுநூறு பிரதிதான்.

எண்பத்தைந்தாம் வருடம் ஐப்பசி மழையில் உத்திரமேரூர் ஏரி தளும்பியது. தாழ்ந்த இடத்துக் குடிசைகளில் இருந்தவர்களை எங்கள் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தார்கள். பத்தாம் வகுப்பு அறையில் மூன்று குடும்பங்கள், ஆய்வுக்கூடத்தில் அவர்களுடைய ஆடுகள். இரண்டு வாரம் பாடம் நடக்காது என்று ஆகிவிட்டது. பொதுத்தேர்வு எழுத வேண்டிய பத்தாம் வகுப்புக்கு மட்டும் அந்தப் பன்னிரண்டு வேலை நாட்களும் வருகையில் சேரும்படி தலைமையாசிரியர் சடையப்பன் மேலே எழுதிக் கேட்டு ஒப்புதல் வாங்கினார். நிபந்தனை ஒன்றுதான். பிள்ளைகள் வீட்டில் படித்ததற்குத் தாளில் அத்தாட்சி வேண்டும். ஒரு நாளுக்கு ஒரு தாள்.

"முத்துகிருஷ்ணன், இந்த மாதிரி வேலையெல்லாம் உங்களுக்குத்தான் பிடிக்கும். தமிழ்லயே ஏதாவது எடுத்து நீங்களே செஞ்சுடுங்க" என்றார்.

பிடிக்கும்தான். அன்று சாயங்காலமே உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் துணைப்பாடத்தில் நாடகாசிரியர் தாமோதரனின் வாழ்க்கை வரலாறு இருந்தது. பாலாற்றங்கரையில் ஒரு சின்ன ஊரில் பிறந்து, பத்து வயதில் நாடகக் கம்பெனியோடு ஊரைவிட்டுப் போய், காஸ் விளக்குக்குக் காற்றடித்து, பின்பாட்டுப் பாடி, கடைசியில் அறுபது நாடகங்கள் எழுதியவர். அவர் இறந்து இருபது வருடம் ஆகியிருந்தது. எங்கள் பக்கத்துத் திருவிழாக்களில் அவர் நாடகம் அப்போதும் நடந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் பிள்ளைகளுக்கு அவர் ஐந்து மதிப்பெண் கேள்வி. பிறந்த வருடம், இறந்த வருடம், நடுவில் நான்கு நாடகப் பெயர்கள்.

அவர் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்தது அவர் நாடகத்தைப் படியெடுத்த முறை. ஒரு நடிகருக்கு முழு நாடகத்தையும் தரமாட்டார். அந்த நடிகர் பேச வேண்டியது மட்டும் ஒரு சிறு நோட்டில் இருக்கும். ஒவ்வொரு வசனத்துக்கும் மேலே, அதற்கு முன்னால் பேசுகிறவரின் கடைசி மூன்று சொற்கள் மட்டும் இருக்கும். அந்த மூன்று சொல் காதில் விழுந்ததும் இவர் பேச வேண்டும். ராஜாவிடம் ராஜாவின் பாதி, மந்திரியிடம் மந்திரியின் பாதி. ஒருவர் பேச்சை ஒருவர் உன்னிப்பாகக் கேட்டால்தான் நாடகம் நடக்கும். கேட்காதவன் மேடையில் ஊமையாக நிற்பான்.

நான் அந்த முறையைத்தான் வீட்டுப் படிப்புக்கு எடுத்துக்கொண்டேன். தாளில் தாமோதர வாத்தியார் வாழ்க்கையின் ஒரு துண்டு இருக்கும். பிள்ளை அதை வீட்டில் ஒருவருக்குச் சத்தமாக இரண்டு முறை படித்துக்காட்ட வேண்டும். கேட்டவர் அதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். அவர் சொன்னதைப் பிள்ளை எழுத வேண்டும். படிக்கத் தெரியாத வீட்டிலும் இது நடக்கும். பிள்ளைக்குக் கண் வேலை, பெரியவருக்குக் காது வேலை.

எல்லாத் தாளுக்கும் மேல்பகுதி ஒன்றேதான். அதனால் அதற்கு ஒரே ஒரு ஸ்டென்சில் வெட்டினேன். முதல் கட்டம்: 'இன்று யாருடைய வாழ்க்கையைப் படித்தோம்? வீட்டார் சொன்னபடி எழுதுக.' பெயரைக்கூட நினைவில் வைக்காதவர் கதையை எங்கே கேட்டிருக்கப் போகிறார் என்பது என் கணக்கு. அதற்குக் கீழே விதிகள். வீட்டார் ஒருவரை மட்டும் முதலிலேயே பதிவு செய்ய வேண்டும், நடுவில் ஆளை மாற்றக் கூடாது. வீட்டார் வாயால் சொன்னதை மட்டுமே எழுத வேண்டும், சொல்லாததை எழுதக் கூடாது. எந்தக் கட்டமாவது காலியாக இருந்தால் அந்த நாள் வருகையாகக் கொள்ளப்படாது. தாளின் அடியில் கையெழுத்து அல்லது கைநாட்டு.

தாள்களைக் கொடுத்த அன்று கூட்டுறவுச் சங்கக் கிடங்கின் தாழ்வாரத்தில் நாற்பத்திரண்டு பிள்ளைகளையும் நிற்கவைத்து, இரண்டாவது விதியைப் பற்றி அரை மணி நேரம் பேசினேன். "உங்க வீட்ல சொன்னது தப்பா இருந்தாலும் பரவாயில்லை, அதை அப்படியே எழுதுங்க. நீங்களா ஒரு எழுத்து சேர்த்தாலும் அது பொய்" என்றேன். பெரும்பாலானவர்கள் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தேவகி மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தேவகி மானாம்பதியிலிருந்து பஸ்ஸில் வருகிற பெண். அந்த வருடம் டைபாய்டு வந்து இருபத்தாறு நாள் பள்ளிக்கு வரவில்லை. இந்தப் பன்னிரண்டு தாளில் குறைந்தது பத்து சேர்ந்தால்தான் அவளுக்கு வருகை போதும், தேர்வு எழுத முடியும். இல்லாவிட்டால் அடுத்த வருடம்தான். அடுத்த வருடம் என்ற ஒன்று அவள் வீட்டில் கிடையாது என்பது எனக்குத் தெரியும். "எழுதினா இந்த வருசம் எழுதட்டும். இல்லாங்காட்டி நின்னுடட்டும்" என்று அவள் அப்பா என்னிடமே சொல்லியிருந்தார். அவருக்குச் செங்கல்பட்டில் ஒரு அரிசி ஆலையில் வேலை. பதினைந்து நாளைக்கு ஒரு முறை வருவார். அதனால் வீட்டார் என்ற இடத்தில் தேவகி தன் அம்மா கோவிந்தம்மாளைப் பதிவு செய்திருந்தாள்.

ஒரு வாரம் கழித்து முதல் ஆறு தாள்கள் வந்தன. ஆசையோடு பிரித்தேன். முதல் கட்டில் ஒரு ஆயா சொன்னதாக இப்படி இருந்தது: 'மேற்படி நாடகாசிரியர் அவர்கள் தமது இளம்பிராயத்திலேயே கலைத்துறையில் நாட்டம் கொண்டு இல்லம் துறந்தார்.' ஏர் ஓட்டுகிற ஒரு மாமா சொன்னதும் அதே. மாடு மேய்க்கிற சித்தப்பாவும் இல்லம் துறந்தார் என்றே சொல்லியிருந்தார். கிறுக்கல் கையெழுத்திலும் அழகான கையெழுத்திலும் அதே மேற்படி, அதே இளம்பிராயம். கனகா என்ற பெண்ணின் அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் கிளார்க். அவர் வீட்டில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல மகள் எழுதியிருக்கிறாள். அவளைப் பார்த்து நாற்பது பேர் எழுதியிருக்கிறார்கள். என் உருளை ஓடியது போக, அதன் மேல் அவர்களுடைய உருளையும் ஓடியிருந்தது.

நாற்பத்தோரு கட்டுகளை ஒதுக்கிய பிறகு தேவகியுடையது இருந்தது.

'அவுரு காஸ் வௌக்குக்குக் காத்து அடிச்சிக்கினே நாடகத்தப் பாத்து மனப்பாடம் பண்ணிட்டாரு. ஒரு நாள் ராணி வேசக்காரனுக்கு வாந்தி எட்த்துச்சி. இவுரு வௌக்க வெச்சிட்டு, கை கருப்போட போயி ராணியா நின்னுட்டாரு. மூஞ்சில பவுடரு, கையில கரி. அத்தப் பாத்து ஜனங்க சிரிச்சிருக்கும். ஆனா பேச ஆரம்பிச்சதும் சிரிப்ப நிறுத்திருக்கும்.'

கையில் கரி என்று என் தாளில் இல்லை. விளக்கு என்று இருந்தது. அவ்வளவையும் கேட்டு, விளக்கடியில் நிற்பவன் கை எப்படி இருக்கும் என்று அந்த அம்மா யோசித்திருக்கிறாள். என் முறை ஒரே ஒரு வீட்டில் வேலை செய்திருந்தது. அந்தத் தாளின் முதல் கட்டம் காலி. ஆறு தாளிலும் காலி.

திங்கட்கிழமை தாழ்வாரத்தில் அவளைக் கூப்பிட்டேன்.

"இது இன்னாம்மா?"

"அம்மா சொல்லல சார்."

"மத்ததெல்லாம் சொல்லியிருக்காங்களே?"

"அதெல்லாம் சொல்லுச்சி சார். அது மட்டும் சொல்லல."

"ஒரு பேர்ம்மா. கதையைப் பூரா ஞாபகம் வச்சிருக்கிறவங்களுக்குப் பேர் மறந்துபோகுமா?"

அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் பின்வரிசையில் யாரோ, "அவ அம்மாவுக்கு வாய் வராது சார்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு இருந்த எரிச்சலில் சிரித்தவர்களையும் சேர்த்துத் திட்டி, "அடுத்த ஆறும் இப்படி வந்தா நான் பொறுப்பில்லை, போ" என்று அனுப்பிவிட்டேன். அவள் சொல்ல வந்ததைக் கேட்டிருக்க வேண்டும். கேட்பதைப் பற்றி அரை மணி நேரம் பேசிய ஆள் நான்.

அடுத்த ஆறும் அப்படியேதான் வந்தன.

தலைமையாசிரியர் சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நாற்பத்தோரு பேர் ஒழுங்கா குடுத்திருக்கான். ஒரு பொண்ணு மட்டும் பன்னெண்டுலயும் முதல் கட்டத்தை விட்டிருக்கு. பன்னெண்டு நாள் ஆப்சென்ட்."

"ஐயா, மத்த நாற்பத்தொண்ணும் காப்பி. இது ஒண்ணுதான் நிஜம். படிச்சுப் பாருங்க."

"படிச்சேன். நல்லாத்தான் இருக்கு. விதி இன்னா சொல்லுது?"

அவரே தாளில் இருந்த விதியின் மேல் விரலை வைத்துப் படித்தார்.

"எந்தக் கட்டமாவது காலியா இருந்தா வருகை கிடையாது. இதை நான் எழுதலை முத்துகிருஷ்ணன். நீங்க எழுதினது. இதோட ஒரு பிரதியை ஒப்புதலோட சேத்து வைக்க மேல அனுப்பியாச்சு. ஒரு பொண்ணுக்காக நான் மாத்தினா நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பான்." பிறகு கொஞ்சம் தணிந்தார். "வெள்ளிக்கிழமை பட்டியல் போகணும். அதுக்குள்ள அந்தக் கட்டம் நிரம்பினா சேத்துக்கறேன். நீங்க நிரப்பக் கூடாது. அதுவும் உங்க விதிதான்."

வியாழக்கிழமை மானாம்பதிக்குப் பஸ் ஏறினேன். பையில் பன்னிரண்டு தாளும், தேவைப்பட்டால் மறுபடி கைநாட்டு வாங்க ஸ்டாம்பு மை டப்பாவும் இருந்தன. வழியெல்லாம் கோபத்தை வார்த்தையாகக் கோத்துக்கொண்டே போனேன்.

கோவிந்தம்மாள் மாட்டுக்கொட்டகையில் சாணி வாரிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு செங்கேணி, வயதில் இன்னும் கொஞ்சம் பெரியவள், கொட்டகைக் காலில் சாய்ந்தபடி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தேவகி என்னைப் பார்த்ததும் உள்ளே ஓடி ஒரு மரப்பெட்டியைக் கொண்டுவந்து போட்டாள். ஓட்டின் விளிம்பிலிருந்து மழைத்தண்ணீர் பெட்டிக்கு ஒரு சாண் தள்ளி விழுந்துகொண்டிருந்தது.

"வாங்க சார். எதுனா தப்பா பண்ணிட்ச்சா இது?" என்று கோவிந்தம்மாள் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

"தப்பு அதும்மேல இல்லம்மா. ஒங்க பொண்ணு பரிட்சை எழுதணும்னு ஒங்களுக்கு ஆசை இருக்கா இல்லையா?"

"இன்னா சார் இப்டி கேட்டுட்டீங்க? காய்ச்சல்ல கெடந்தப்பகூட பொஸ்தகத்த தலமாட்ல வெச்சிக்கினு கெடந்திச்சி. எழுதட்டும்னுதான் நானும் சாணி வார ஆள் இல்லாம ஒண்டியா வாரிக்கினு கீறேன்."

"அப்ப ஒரு பேரைச் சொல்ல இன்னா கஷ்டம்? பன்னெண்டு நாள், பன்னெண்டு தடவை கேட்டிருக்கு. ஒரு தடவைகூட நீங்க சொல்லலை."

அவள் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். செங்கேணி கீரையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள்.

"அத்த இவ எப்டி சார் சொல்லுவா? அது இவ வூட்டுக்காரு பேரு இல்ல?"

நான் மரப்பெட்டியில் உட்கார்ந்தேன்.

தா. தேவகி. இரண்டு வருடமாகத் தினமும் காலையில் வருகைப் பதிவேட்டைத் திறந்து அந்தப் பெயரைக் கூப்பிட்டிருக்கிறேன். தாவன்னாவுக்குப் பின்னால் ஒரு ஆள் இருக்கிறார் என்று தெரியும். அவரோடு பேசியிருக்கிறேன். பதிவேட்டின் முதல் பக்கத்தில் தந்தை பெயர் தாமோதரன் என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். ஒரு ஸ்டென்சில் வெட்டும்போது அது எனக்குத் தோன்றவில்லை. பன்னிரண்டு தாளின் தலையிலும் ஒரு பெண்ணை அவள் புருஷன் பெயரைச் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் கோபம் உடனே போகவில்லை. விளக்கிச் சொன்னால் புரியும் என்று நினைக்கிற பழக்கம் என்னுடையது.

"இங்க பாருங்கம்மா. இது ஒங்க வூட்டுக்காரர் இல்ல. இவர் வேற. செத்து இருபது வருஷம் ஆகுது. ஒரே பேர் ஆயிரம் பேருக்கு இருக்கும்."

"ஆயிரம் பேருக்கு இருக்கட்டும் சார். எனக்கு வாய் ஒண்ணுதான கீது."

"ஓட்டுப் போடற எடத்துல புருஷன் பேர் கேட்டா?"

"அவுங்களே படிப்பாங்க. நான் தலையாட்டுவேன்."

"ரேஷன் கார்டு எழுத வந்தப்போ?"

"நான் சொன்னேன் சார், நானு" என்றாள் செங்கேணி. "எம் புருசன் பேர அவ சொல்லுவா, அவ புருசன் பேர நான் சொல்லுவேன். இங்க எல்லாம் அப்டித்தான். மாடு புடிக்க வரானே, அவனுக்கும் இதே பேருதான். இவ அவன 'யோவ் மாட்டுக்காரரே'ன்னுதான் கூப்புடுவா. அவனும் பாவம், தும்பு புடிச்சிக்கினு திரும்பிப் பாப்பான்."

"அப்ப நீங்க சொல்லுங்க, தேவகி எழுதட்டும்."

"எழுதக் கூடாது சார்" என்றாள் தேவகி. வாசற்படியில் நின்றபடி மெதுவாகத்தான் சொன்னாள். "வூட்டார் ஒருத்தர்தான். நடுவுல ஆள மாத்தக் கூடாதுன்னு போட்டுக்கீறீங்க."

"நீயாவது எழுதியிருக்கலாமே?"

"அம்மா சொல்லாதத எழுதுனா பொய்யின்னு சொன்னீங்க சார்."

அவளைக் கேலி செய்யவும் முடியவில்லை, மெச்சவும் முடியவில்லை. நான் செய்த பெட்டிக்குள் அவளை வைத்து, நாலு பக்கமும் நானே ஆணி அடித்திருந்தேன்.

"ஏன் சார், ஒங்க வூட்டம்மா ஒங்க பேர சொல்லுதா?" என்று செங்கேணி கேட்டாள்.

என் மனைவி சுலோச்சனா எட்டாவது வரை படித்தவள். கல்யாணமாகிப் பதினான்கு வருடத்தில் அவள் என் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. தபால்காரர் கேட்டால், பள்ளிக்கூடத்தில் தமிழ் எடுக்கிறவர் என்பாள். முருங்கைக்காய் விற்கிற கிழவன் பெயர் முத்து. அவனைப் பத்து வருடமாகக் காய்க்காரர் என்கிறாள். வீட்டுச் சுவரில் கடிகாரம் ஓடுகிற மாதிரி அது ஓடிக்கொண்டிருந்தது. நின்றால்தானே காதில் விழும்.

"இல்லை" என்றேன்.

"அப்பறம் எங்கள வந்து கேக்கறீங்க" என்று அவள் கீரையை மறுபடி எடுத்துக்கொண்டாள்.

மழை வலுத்தது. பஸ்ஸுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. நான் தாள்களை மடியில் வைத்து விதியை ஒவ்வொன்றாகப் படித்தேன். எதையாவது கழற்றினால் எல்லாம் நகருமா என்று பார்ப்பது என் வழக்கம். ஆளை மாற்ற முடியாது. பிள்ளை தானாக எழுத முடியாது. நான் நிரப்ப முடியாது. அந்த அம்மா சொல்ல முடியாது. நான்கும் சேர்ந்து கெட்டியாகப் பூட்டிக்கொண்டிருந்தன. இவ்வளவு கச்சிதமாக நான் வேறு எதையும் செய்ததில்லை.

"பேஜார் புடிச்ச கட்டம்" என்று என்னையறியாமல் சொல்லிவிட்டேன். "இது காலியா இருக்கக் கூடாது. அவ்வளவுதான். அதுக்கு ஒரு வழி இல்லை."

கோவிந்தம்மாள் குனிந்து பார்த்தாள். "இதா சார் அது?"

"இதுதான்."

"காலியா இருக்கக் கூடாது. அவ்ளோதானா?"

"அவ்வளவுதான்."

"எழுத்தால எழுதணும்னு போட்டுக்கீதா?"

நான் மறுபடி படித்தேன். முதல் கட்டத்தில் வீட்டார் சொன்னபடி எழுதுக என்று இருந்தது. விதியில் காலியாக இருந்தால் என்று மட்டும்தான் இருந்தது. இரண்டையும் நானே, ஒரே சாயங்காலத்தில், ஒரே முனையால் கீறியிருந்தேன். இரண்டுக்கும் நடுவில் ஒரு விரல் நுழைகிற இடம் விட்டிருக்கிறேன் என்பது எனக்குத் தெரியாது.

"இல்லை. காலியா இருக்கக் கூடாதுன்னுதான் இருக்கு."

"படிச்சவுங்க பேர எழுதுவாங்க. எனக்கு எழுத்து இதான்" என்று அவள் கட்டைவிரலைக் காட்டினாள். "அடியில வெச்ச நாட்ட மேலயும் வெச்சிட்றேன். வெக்கறப்ப மனசுல அந்தப் பேர சொல்லிக்கினே வெக்கறேன். மனசுல சொன்னா தப்பில்ல. இன்னாக்கா?"

"மனசுல இன்னா வேணா சொல்லலாம்டி. திட்டக்கூட செய்யலாம்" என்றாள் செங்கேணி.

நான் மை டப்பாவைத் திறந்தேன். கோவிந்தம்மாள் விரலைப் புடவையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, மையில் தொட்டு, முதல் தாளில் கண்ணை மூடி அழுத்தினாள். உதடு அசையவில்லை. தேவகி தாளை மாற்றிக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். நாலாவது தாளுக்கு மேல் மை வெளுத்தது. மறுபடி தொட்டுக்கொண்டாள். ஒன்பதாவது தாளில் மை அதிகமாகிக் கட்டத்துக்கு வெளியே வழிந்தது. பன்னிரண்டு ரேகையும் ஒரே ரேகைதான், ஆனால் ஒன்று போல் ஒன்று இல்லை. ஒன்று சாய்ந்திருந்தது, ஒன்று பாதி, ஒன்றில் நடுச்சுழி மட்டும். உருளையில் ஓட்டினால் அப்படி வராது.

விரலை வைக்கோலில் துடைத்தபடி அவள் கேட்டாள். "சார், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்கம்மா."

"ரெண்டாவது காயிதத்துல, அவுரு பத்து வயசுல சொல்லாம கொள்ளாம போய்ட்டாருன்னு போட்டுக்கீறீங்க. அப்பறம் மூணாவதுல நேரா மெட்ராஸ் வந்துட்ச்சி. அவுங்க அம்மா இன்னா ஆச்சி? தேடுச்சா? இவ்ளோ பேரெடுத்து திரும்பி வந்தாரே, அப்ப இருந்துச்சா?"

எனக்குத் தெரியவில்லை. துணைப்பாடத்தில் 'பெற்றோருக்கு மூன்றாவது மகனாகப் பிறந்தார்' என்று இருந்தது. அதற்கு மேல் அந்த அம்மாவைப் பற்றி ஒரு வரி இல்லை. நானும் அதைக் கேட்கவில்லை, நாற்பத்தோரு மேற்படிகளும் கேட்கவில்லை.

"பாத்துச் சொல்றேன்" என்றேன்.

வெள்ளிக்கிழமை தலைமையாசிரியர் முதல் தாளை வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு இரண்டாவது. பன்னிரண்டையும் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது இன்னாய்யா?"

"அவங்க அம்மா வச்ச நாட்டு ஐயா. அந்தம்மாவோட வீட்டுக்காரர் பேரும் நாடகாசிரியர் பேரும் ஒண்ணு. வாயால சொல்ல மாட்டாங்க."

"அதுக்கு?"

"கட்டம் காலியா இருக்கான்னு பாருங்க."

அவர் விதியைப் படித்தார். மறுபடி படித்தார். "வில்லங்கமான ஆளு நீங்க. நாளைக்கு ஆய்வுக்கு வர்றவர், பேர் எழுதற இடத்துல ரேகை எதுக்குன்னு கேட்டா நான் இன்னா சொல்றது?"

"படிவம் தப்புன்னு சொல்லுங்க."

"யார் போட்ட படிவம்?"

"நான் போட்டது."

"எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தேன். மாணவர் வீட்டு வழக்கத்தை எண்ணிப் பார்க்காமல் படிவம் தயாரித்தது என் கவனக்குறைவு என்று, என் பெயர் போட்டு, தேதி போட்டு. அவர் அதை என் பணிப்பதிவேட்டுக் கோப்பில் செருகினார். அடுத்த வருடத்திய என் பதவி உயர்வுக்கு அது ஒரு தடையாகக் கிடக்கும் என்று இருவருக்கும் தெரியும். பிறகு சிவப்புப் பேனாவை வைத்துவிட்டு நீலப் பேனாவை எடுத்து, தா. தேவகிக்கு நேரே பன்னிரண்டு முறை கோடு போட்டார்.

அவள் தேர்வு எழுதப் போகிறாள். அந்த நிம்மதி எனக்கு அரை நாள்கூட நிலைக்கவில்லை. சாயங்காலம் தலைமையாசிரியர் நாற்பத்தோரு கட்டுகளிலிருந்து நல்ல கையெழுத்தாகப் பத்தைப் பொறுக்கிப் பச்சை நூலில் கட்டிக்கொண்டிருந்தார். வீட்டுப் படிப்பு எப்படி நடந்தது என்பதற்கு மாதிரியாகக் காஞ்சிபுரத்துக்கு அனுப்ப. மேலே கனகாவுடையது. இல்லம் துறந்தார்.

"தேவகியோடதையும் வைங்க ஐயா. அது ஒண்ணுதான்..."

"மை ஒழுகியிருக்கு முத்துகிருஷ்ணன். பாக்க நல்லா இருக்காது."

சனிக்கிழமை காஞ்சிபுரம் போய் இரண்டு நூலகங்களில் தேடினேன். தாமோதர வாத்தியாரைப் பற்றி மூன்று புத்தகங்கள் கிடைத்தன. அவர் போட்ட நாடகங்கள், வாங்கிய பதக்கங்கள், நடித்த நடிகர்கள், பிரிந்த கம்பெனிகள் எல்லாம் இருந்தன. ஒன்றில் அவர் வளர்த்த நாயின் பெயர்கூட இருந்தது. அம்மாவின் பெயர் எதிலும் இல்லை.

சொன்னதைவிட ஒரு வாரம் தாமதமாக, திங்கட்கிழமை பள்ளிக்கூடம் மறுபடி திறந்த அன்று கட்டிடம் முழுக்க ஆட்டுப்புழுக்கை வாசனை. தேவகி மேசைக்கு வந்தாள்.

"சார், அம்மா கேட்டுதே. பாத்தீங்களா?"

"பாத்தேன்மா. எதுலயும் இல்லை."

"மூணு பொஸ்தகத்துலயுமா?"

"மூணுலயும்."

"அம்மா திட்டும் சார். நாலு நாளா கேட்டுக்கினே கீது."

கையில் இருந்த நோட்டைப் பிரித்தாள். அம்மாவின் கேள்வியை மேலே எழுதியிருந்தாள். அதற்குக் கீழே ஸ்கேல் வைத்து, என் தாளில் இருந்த அளவுக்கே, ஒரு கட்டம் போட்டிருந்தாள். அது காலியாக இருந்தது.

"தெரியலைன்னு எழுதிக்கோ" என்றேன்.

"முத்துகிருஷ்ணன் சார் சொன்னபடின்னு போடட்டுமா?"

"போடு."

அவள் நின்றபடியே, நோட்டை என் மேசையில் வைத்து, கட்டத்துக்குள் அடங்குகிற மாதிரி சின்ன எழுத்தில் அதை எழுதினாள்.